ஆறு ஐ.டி. புராஜெக்ட்டுகளை ஒரே புரோகிராமாக நடத்துவது எப்படி

நாகர்கோவிலில் தலைமைக் கடையும் குடோனும், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல், ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி என ஆறு கிளைகளும் வைத்திருக்கும் ஒரு பலசரக்கு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நிறுவனம் கற்பனை, அதன் சிக்கல்கள் நிஜம். ஒரே ஆண்டில் ஆறு வேலைகளுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள்: புது பில்லிங் சாஃப்ட்வேர், குடோன் ஸ்டாக் சாஃப்ட்வேர், இ-இன்வாய்ஸோடு (அரசு போர்ட்டலில் பதியும் பில்) கூடிய கணக்கு சாஃப்ட்வேர், எல்லாக் கிளைக்கும் நெட்வொர்க்கும் யு.பி.எஸ்ஸும், வீட்டு டெலிவரிக்கு ஒரு மொபைல் ஆப், ஊழியர் வருகைப்பதிவும் சம்பளமும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெண்டர். சிலர் நாகர்கோவில்காரர்கள், சிலர் திருவனந்தபுரத்திலிருந்து வருபவர்கள், ஒருவர் சென்னையிலிருந்து ஆன்லைனிலேயே வேலை செய்பவர்.

ஆறாவது மாதம் எல்லா வெண்டரும் "தொண்ணூறு சதவீதம் முடிஞ்சாச்சு" என்கிறார்கள். அவரவர் அளவில் அது பொய்யில்லை. ஆனால் எந்தக் கிளையிலும் புது சாஃப்ட்வேரில் ஒரு பில்கூடப் போட முடியவில்லை. பில்லிங் சாஃப்ட்வேர் சரக்குப் பட்டியலுக்குக் காத்திருக்கிறது. பட்டியலைத் தயார்செய்து கொடுப்பது யார் பொறுப்பு என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதவில்லை. யு.பி.எஸ். வந்துவிட்டது, ஆனால் கவுண்டரில் எடை மிஷினும் இரண்டாவது திரையும் சேரப்போவதை யாரும் அந்த வெண்டரிடம் சொல்லவில்லை. மொபைல் ஆப் தயார். அது காட்ட வேண்டிய ஸ்டாக் கணக்கு குடோனில் இன்னும் சரியாகவில்லை. ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்கும் அந்தச் சந்தில்தான் பணமும் மாதங்களும் போகின்றன. அந்தச் சந்துக்கு ஒரு பொறுப்பாளரை வைத்து, தேதியும் அளவும் எழுதிக் கண்காணிப்பதுதான் புரோகிராம் மேனேஜ்மென்ட்.

புரோகிராம் என்றால் சிலருக்குக் கம்ப்யூட்டர் கோட் எழுதுவது, சிலருக்கு விழா நிகழ்ச்சி. இங்கே அதன் பொருள் வேறு: ஒன்றையொன்று சார்ந்த பல புராஜெக்ட்டுகளை, தனித்தனியாக நடத்தினால் கிடைக்காத ஒரு பலனுக்காகச் சேர்த்து நடத்துவது.

எதைச் சேர்ப்பது, எதை வெளியே விடுவது

கையில் இருப்பதையெல்லாம் ஒரே கூடையில் போட்டு அதற்குப் புரோகிராம் என்று பெயர் வைப்பதுதான் முதல் தவறு. ஒவ்வொரு புராஜெக்ட்டிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். இதன் வேலை முடிந்து வருவது இன்னொரு புராஜெக்ட்டுக்கு உள்ளே போகிறதா? எதிர்பார்க்கும் பலன் இன்னொன்றோடு சேர்ந்தால்தான் கிடைக்குமா? ஒரே வாரத்தில் ஒரே ஆட்களை இரண்டு பக்கமும் இழுக்கிறதா? முதல் இரண்டில் ஒன்றுக்காவது "ஆம்" வந்தால் உள்ளே. மூன்றாவதுக்கு மட்டும் "ஆம்" வந்தால் வெளியே விடுங்கள், ஆனால் தேதிகளை மட்டும் ஒத்துப்பாருங்கள்.

நம் எடுத்துக்காட்டில் வருகைப்பதிவும் சம்பளமும் வெளியே போகும். அது பில்லிங்குக்கு எதையும் கொடுப்பதில்லை, வாங்குவதுமில்லை. தனி புராஜெக்ட்டாகவே நடக்கட்டும். அதன் இடத்தில், யாரும் பெயர் வைக்காத ஒரு வேலை உள்ளே வரும்: சரக்குப் பட்டியலைச் சுத்தம் செய்வது. பில்லிங், குடோன், கணக்கு, ஆப் நான்குக்கும் உணவு அதுதான். அதற்குத் தனிப் பொறுப்பாளர், தனிச் செலவு, தனித் தேதி வேண்டும். ஆக எண்ணிக்கை மறுபடியும் ஆறு.

எந்த ஃப்ரேம்வொர்க்கிலிருந்து எதை எடுப்பது

உலகத்தில் அதிகம் புழங்குவது இரண்டு. ஒன்று பி.எம்.ஐ. (புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட்) அமைப்பின் புரோகிராம் மேனேஜ்மென்ட் ஸ்டாண்டர்ட். முதல் பதிப்பு 2006-இல், ஐந்தாம் பதிப்பு 2024-இல் வந்தது. இன்னொன்று எம்.எஸ்.பி. (மேனேஜிங் சக்சஸ்ஃபுல் புரோகிராம்ஸ்). பிரிட்டன் அரசின் கம்ப்யூட்டர் ஏஜென்சியான சி.சி.டி.ஏ. 1999-இல் கொண்டுவந்தது, ஐந்தாம் பதிப்பு 2020-இல் வந்தது. பெரிய மென்பொருள் நிறுவனங்களில் சேஃப் என்ற அஜைல் முறையும் (வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்வது) உண்டு.

ஏழு கடை நிறுவனத்துக்கு இவற்றில் எதையும் முழுசாகப் போர்த்த வேண்டாம். எம்.எஸ்.பி.யிலிருந்து மூன்றை எடுங்கள்: முடிவில் கடை எப்படி நடக்கும் என்று இப்போதே எழுதிவைக்கும் ஒரு பக்கப் படம், வேலையை ‘டிராஞ்ச்’ என்ற பகுதிகளாக வெட்டி, ஒவ்வொன்றின் முடிவிலும் தொடரலாமா என்று தீர்மானிக்கும் முறை, பிசினஸ் சேஞ்ச் மேனேஜர் என்ற பொறுப்பு. பி.எம்.ஐ.யிலிருந்து பலன் பதிவேட்டையும், யார் எதுவரை முடிவெடுக்கலாம் என்ற வரம்புகளையும் எடுங்கள். சேஃப் முறையின் பி.ஐ. பிளானிங் 50 முதல் 125 பேர் உள்ள குழுவுக்காக அமைந்தது. 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடித் திட்டமிடுவார்கள். மொத்தமே பதினைந்து பேர் இருக்கும் இடத்தில் அந்தச் சடங்கு முழுதும் தேவையில்லை. எல்லா வெண்டரையும் ஒரே அறையில் ஒரு நாள் உட்காரவைத்து, யார் யாருக்கு எப்போது என்ன கொடுக்கவேண்டும் என்று சுவரில் ஒட்டும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாள், பின்னால் இருபது போன்களை மிச்சப்படுத்தும்.

யார் எந்த நாற்காலியில்

ஸ்பான்சர் ஒருவர்தான். செலவுக்குக் கையெழுத்துப் போடவும், கிளை மேனேஜரிடம் "இந்த வாரம் மாறித்தான் ஆகணும்" என்று சொல்லவும் அதிகாரம் உள்ளவர். கம்ப்யூட்டர் தெரியும் என்பதற்காக வீட்டில் இளையவரை உட்காரவைத்துவிட்டு முடிவை முதலாளி எடுத்தால், ஒவ்வொரு முடிவும் இரண்டு முறை எடுக்கப்படும்.

புரோகிராம் மேனேஜர் முழுநேரம் வேண்டும். ஐந்து வெண்டர், ஏழு இடம் என்றால் அரைநேரம் போதாது. எந்த வெண்டரின் ஆளும் இந்த இடத்தில் உட்காரக் கூடாது. தன் தாமதத்தைத் தானே சிவப்பில் குறிக்கும் வெண்டர் அபூர்வம்.

பிசினஸ் சேஞ்ச் மேனேஜர்தான் பெரும்பாலும் விட்டுப்போகும் பதவி. சாஃப்ட்வேரை நிறுவுவது புராஜெக்ட்டின் வேலை. கடைப் பையனும் கேஷியரும் அதை நிஜமாகப் பயன்படுத்தும்படி செய்வது இவர் வேலை. மாவட்டத்துக்கு இரண்டு பேர் வையுங்கள்: நாகர்கோவில், ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரிக்கு ஒருவர், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல், குளச்சலுக்கு ஒருவர். கிழக்கும் மேற்கும் ஒரே மாவட்டம்தான், ஆனால் வியாபார நாட்கள் வேறு, சரக்குகளுக்குச் சொல்லும் பெயர்கூட வேறு. அனுபவமுள்ள கிளை மேனேஜரே இதற்குப் பொருத்தம். வாரத்தில் இரண்டு நாள் அவரை விடுவித்து, அந்த நாட்களில் கிளையைப் பார்க்க மாற்றாள் போடவேண்டும். மாற்றாள் செலவு பட்ஜெட்டில் இல்லையென்றால் அவர் பெயரளவுக்குத்தான் இருப்பார்.

பலனை எழுதுவது

"வேகமாகும்", "கணக்கு சரியாகும்" என்பதெல்லாம் பலன் இல்லை. ஒவ்வொரு பலனுக்கும் இன்றைய அளவு, இலக்கு, அளக்கும் முறை, பொறுப்பாளர், தேதி என ஐந்தும் எழுதுங்கள். நான்கு பலன் போதும், பத்து வேண்டாம்.

பில் போடும் நேரத்தை எப்படி எழுதுவது என்று பாருங்கள். சனிக்கிழமை மாலை 6 முதல் 8 மணிக்குள், ஒரு கிளையில் மூன்று கவுண்டரில் தலா 30 பில். முதல் சரக்கை ஸ்கேன் செய்த நொடியிலிருந்து பில் தாள் கிழியும் நொடி வரை ஸ்டாப்வாட்சில் அளக்கவும். கூடவே பில்லில் எத்தனை வரி என்று குறிக்கவும். 4 வரி பில்லையும் 40 வரி பில்லையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஒன்றும் தெரியாது. ஸ்டாக்குக்கு, அதிகம் விற்கும் 100 சரக்கும் மற்றவற்றில் 100-ம் எடுத்து, கையால் எண்ணியதையும் கம்ப்யூட்டர் சொல்வதையும் ஒப்பிட்டு, எத்தனை சரக்கில் ஒத்துப்போகிறது என்று குறிக்கவும்.

பழைய சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்த அளவுகளை எடுத்துவிட வேண்டும். அதை நிறுத்திய பிறகு பழைய நிலையை அளக்க வழியே கிடையாது. பின்னால் "எதுக்கு இவ்வளவு செலவு பண்ணினோம்" என்ற கேள்வி வந்தால் காட்ட ஒன்றும் இருக்காது.

சரக்குப் பட்டியல்: புரோகிராமின் முதுகெலும்பு

ஏழு இடத்தின் பட்டியல்களையும் ஒரே எக்ஸெலில் கொட்டினால் 19,000 வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் சரக்கு 11,000-தான் இருக்கும். ஒரே தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டர், தக்கலையில் "தே.எண் 1லி", கருங்கலில் "வெளிச்செண்ணெ 1 லிட்டர்", நாகர்கோவிலில் கம்பெனி பெயரில்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். கம்பெனி பார்கோடு உள்ளவற்றை முதலில் எடுங்கள். இந்தியப் பதிவுள்ள பார்கோடு 890 என்று தொடங்கும், அதை வைத்து வரிசைப்படுத்தினால் இரட்டைகள் தானாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அடுத்து கடையிலேயே பொட்டலம் போடும் பருப்பு, மசாலா. கடைசியில் எடைபோட்டு விற்கும் காய், பழம், கிழங்கு. ஒருவர் நாளுக்கு 300 வரி பார்த்தால் 19,000 வரிக்கு 63 நாள். இரண்டு பேர் என்றால் 32 வேலைநாள். முதல் வாரம் முடிந்ததும் நிஜ வேகத்தை அளந்து கணக்கைத் திருத்துங்கள். முதலில் வருவது சுலபமான சரக்கு என்பதால் வேகம் பின்னால் குறையும்.

ஒவ்வொரு வரியிலும் கட்டாயம் இருக்கவேண்டியவை: சரக்கு எண், பெயர், அளவலகு, எச்.எஸ்.என். எண் (சரக்கின் வகையைக் காட்டும் வரிக் குறியீடு), ஜி.எஸ்.டி. விகிதம், அந்த விகிதம் அமலுக்கு வந்த தேதி. கடைசியில் சொன்ன தேதியைப் பல சாஃப்ட்வேர்கள் விட்டுவிடுகின்றன. 2025 செப்டம்பர் 22 அன்று பல சரக்குகளின் ஜி.எஸ்.டி. விகிதம் ஒரே நாளில் மாறியது. தேதியோடு விகிதத்தை வைக்கும் சாஃப்ட்வேரில் முந்தைய வாரமே புது விகிதத்தை ஏற்றிவைக்கலாம். தேதி இல்லாததில் நள்ளிரவில் உட்கார்ந்து மாற்ற வேண்டும்; மறுநாள் பழைய பில்லுக்கு ரிட்டர்ன் வந்தால் தவறான வரியைத் திருப்பிக் கொடுக்கும். எச்.எஸ்.என். எண், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் என்றால் 6 இலக்கம் வேண்டும். பழைய பட்டியலில் பெரும்பாலும் 4 இலக்கம்தான் இருக்கும்.

எடைச் சரக்கில் நடக்கும் பிழையைக் கிட்டே போய்ப் பார்ப்போம். எடை மிஷின் ஒட்டும் லேபிளில் 13 இலக்க பார்கோடு வரும். 20 முதல் 29 வரை தொடங்கும் எண்கள் கடைக்குள் மட்டும் பயன்படுத்த ஒதுக்கப்பட்டவை. 2100417012509 என்ற லேபிளைப் பிரித்தால்: 21 கடைக்குறி, 00417 சரக்கு எண், 01250 எடை கிராமில், கடைசி 9 சரிபார்ப்பு இலக்கம். அதாவது 1 கிலோ 250 கிராம் ஏத்தன் பழம். கிலோ 60 ரூபாய் என்றால் பில் 75 ரூபாய் வரவேண்டும். ஆனால் பில்லிங் வெண்டர் அந்த ஐந்து இலக்கத்தை எடை என்று எடுக்காமல் விலை என்று எடுத்துக்கொண்டால் பில்லில் 12 ரூபாய் 50 காசு விழும். எடை மிஷின் வெண்டர் சரியாகச் செய்தார், பில்லிங் வெண்டரும் தன் வழக்கப்படி சரியாகச் செய்தார், நஷ்டம் கடைக்கு. லேபிள் அமைப்பை ஒரு தாளில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குவது பத்து நிமிட வேலை.

இன்னொன்று பெயர். வெளியூர் வெண்டர் தயாராகக் கொண்டுவரும் பட்டியலில் மரவள்ளி, செவ்வாழை, மிளகு என்று இருக்கும். இங்கே கவுண்டரில் இருக்கும் பெண் தேடுவது மரச்சீனி, செந்துளுவன், நல்லமிளகு. "அண்ணா, இதுல மரச்சீனியே வரமாட்டேங்குது" என்று முதல் நாளே சத்தம் வரும், வரிசை நீளும், அவர் கையில் கிடைத்த வேறு சரக்கில் பில் போட்டுவிடுவார், அன்றிலிருந்து ஸ்டாக் தப்பு. ஒவ்வொரு சரக்குக்கும் மாற்றுப்பெயர் எழுத இரண்டு கட்டம் கேளுங்கள். அதை நிரப்புவது சேஞ்ச் மேனேஜர்கள் இருவரின் வேலை, வெண்டரின் வேலையில்லை.

பட்டியலை மூடிய பிறகும் நாளுக்குப் பத்துப் பதினைந்து புதுச் சரக்கு வந்துகொண்டேயிருக்கும். கொள்முதல் மேனேஜரின் கீழ் ஒரே ஒருவர், மாலை 5 மணிக்குள் அன்றைய புதுச் சரக்கை ஏற்றவேண்டும். கிளையில் யாருக்கும் புது எண் உருவாக்கும் உரிமை கூடாது. இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தால் ஆறே மாதத்தில் பட்டியல் பழையபடி 19,000 வரிக்குப் போய்விடும்.

நாட்காட்டியைக் கடையிலிருந்து எழுதுங்கள்

வெண்டர் கொடுக்கும் கால அட்டவணையில் நம் மாவட்டம் இருக்காது. முதலில் தொடக்கூடாத நாட்களை அடித்துவிடுங்கள். மேற்குப் பகுதிக் கிளைகளில் ஓணம். ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ வரும், அதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே கூட்டம். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பிலிருந்து எல்லாக் கிளையும். நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் திருவிழா, தொடர்ந்து கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல். கன்னியாகுமரி கிளையில் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம். ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறப்பு.

அடுத்து மழை. இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு. ஜூன் முதல் டிசம்பர் வரை ரப்பர் தோட்டங்களின் ஓரம் போகும் லைன்களில் மரம் விழும், ஃபைபர் அறுபடும். வெளிக் கேபிள் வேலை எல்லாம் மே மாதத்துக்குள் முடியவேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அதனால் நெட் இல்லாமலே ஒரு முழு நாள் பில் போட்டு, நெட் வந்ததும் தானாக ஏற்றும் வசதி பில்லிங் ஒப்பந்தத்தில் கட்டாய நிபந்தனை. விருப்ப வசதி என்று எழுதாதீர்கள். இணைப்பு இரண்டு வேண்டும். இரண்டும் ஒரே கம்பத்தில் போகும் ஃபைபராக இருந்தால் அது ஒரு இணைப்புதான். ஒன்றை சிம் ரவுட்டராக வையுங்கள்.

மூன்றாவது ஜி.எஸ்.டி. தேதிகள். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனை அறிக்கை), 20-ஆம் தேதி 3பி (வரி செலுத்தும் சுருக்க அறிக்கை). கணக்குப் பிரிவு அந்நாட்களில் வேறு எதற்கும் வராது. எனவே கிளை மாற்றும் ஜன்னல், அதாவது மாற்ற ஏற்ற நாட்கள், ஒவ்வொரு மாதமும் 21 முதல் 28 வரை. ஏப்ரல் 1 புது நிதியாண்டு, புது இன்வாய்ஸ் எண் வரிசை, அன்றே மாறினால் சுத்தமாக இருக்கும் என்று தோன்றும். வேண்டாம். மார்ச் 31 ஸ்டாக் எடுப்பும் ஆண்டுக் கணக்கும் அதே ஆட்களின் தலையில். இன்வாய்ஸ் எண்ணுக்குப் புது முன்னொட்டு வைத்து ஆண்டு நடுவிலும் மாறலாம். சாய்கோடு, சிறுகோடு உட்பட 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. மாறிய மாதத்தின் ஜி.எஸ்.டி.ஆர்-1, 13-ஆம் அட்டவணையில் பழைய வரிசை, புது வரிசை இரண்டையும் காட்டச் சொல்லி ஆடிட்டரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

இதையெல்லாம் அடித்த பிறகு மிச்சமிருப்பது குறைவுதான். முதல் டிராஞ்ச், பொங்கல் முடிந்து மார்ச் வரை: பழைய அளவுகள், சரக்குப் பட்டியல், நெட்வொர்க். இரண்டாவது, ஏப்ரல், மே: ஏப்ரல் 21-க்குப் பின் ஆரல்வாய்மொழியில் சோதனைக் கிளை, மே ஜன்னலில் தலைமைக் கடையும் குடோனும், அதோடு கணக்கும் இ-இன்வாய்ஸும். மூன்றாவது, ஜூன், ஜூலை: ஜூனில் கன்னியாகுமரியும் தக்கலையும், ஜூலையில் கருங்கல், குளச்சல், மார்த்தாண்டம். ஜூலை 28-க்குள் மாறாத கிளை ஓணம் முடியும்வரை பழைய சாஃப்ட்வேரிலேயே இருக்கட்டும். ஆகஸ்டில் நெருக்கி மாற்றிக் கெடுப்பதைவிட இரண்டு மாதம் பொறுப்பது மலிவு. மொபைல் ஆப் கடைசி டிராஞ்ச், அடுத்த பொங்கலுக்குப் பிறகு; ஸ்டாக் கணக்கு சரியாகாத நிலையில் ஆப்பை விட்டால், இல்லாத சரக்கை விற்று வாடிக்கையாளரை இழப்பீர்கள்.

பாதிக் கிளை புதிது, பாதி பழையது என்ற இடைக்காலம் மூன்று மாதமாவது இருக்கும். அப்போது குடோனிலிருந்து பழைய கிளைக்குப் போகும் சரக்கு இரவுதோறும் கோப்பாக மாற்றி ஏற்றப்படவேண்டும். இந்தத் தற்காலிகப் பாலம் ஒரு தனி வேலை. எந்த வெண்டரின் விலைப்பட்டியலிலும் அது இருக்காது, கேட்டு வாங்கி எழுதவையுங்கள்.

கொடுக்கல் வாங்கல் பதிவேடு

புரோகிராம் மேனேஜரின் மேசையில் ஒரே ஒரு தாள்தான் இருக்கலாம் என்றால் அது இதுவாக இருக்கட்டும். ஒவ்வொரு வரியிலும் கொடுப்பவர், வாங்குபவர், பொருள், வடிவம், தேதி, ஏற்கும் சோதனை. ஒரு வரி இப்படி இருக்கும்: "சரக்குப் பட்டியல் குழு, பில்லிங் வெண்டருக்கு, 11,000 சரக்கின் இறுதிப் பட்டியல், ஒப்புக்கொண்ட பத்தி வரிசையில் சி.எஸ்.வி. கோப்பு, மார்ச் 20. சோதனை: ஏற்றும்போது நிராகரிக்கப்படும் வரி 20-க்குள், தோராயமாக எடுத்த 50 சரக்கில் விலையும் வரியும் ஐம்பதும் சரி." ஏற்கும் சோதனை இல்லாத வரியில்தான் "கொடுத்துட்டோமே", "வந்ததெல்லாம் தப்பு" என்ற சண்டை நடக்கும். தமிழ்ப் பெயர்கள் உள்ள சி.எஸ்.வி. கோப்பை எக்ஸெலில் திறந்து சேமித்தால் எழுத்துகள் கேள்விக்குறியாக மாறும் வாய்ப்பு உண்டு, யு.டி.எஃப்-8 என்று வடிவக் கட்டத்திலேயே எழுதுங்கள்.

யு.பி.எஸ். பற்றியும் இதில் ஒரு வரி வேண்டும். மூன்று கவுண்டர், எடை மிஷின், ரவுட்டர் சேர்த்து 500 வாட் என்று பில்லிங் வெண்டர் எழுதிக்கொடுத்தால், இரண்டு மணி நேரத்துக்கு 1,000 வாட்-மணி தேவை. 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியின் பெயரளவு 1,800. இழப்பும் வயதும் போக 1,000 என்று கணக்கிட்டால் ஒரு பேட்டரி சரியாகப் போதும், ஃபிரிட்ஜை அதில் மாட்டாதவரை.

கூட்டமும் முடிவும்

செவ்வாய்தோறும் 45 நிமிடம், எல்லா வெண்டரும். சதவீதம் சொல்ல அனுமதிக்காதீர்கள். போன வாரம் யாருக்கு எதைக் கொடுத்தீர்கள், அவர் ஏற்றாரா, அடுத்த இரண்டு வாரத்தில் எதைக் கொடுப்பீர்கள், எது தடை. அவ்வளவுதான். ஸ்பான்சரோடு மாதம் ஒருமுறை. அங்கே நிலவரம் வாசிக்க வேண்டாம், முடிவெடுக்க வேண்டியதை மட்டும் எடுத்துப்போங்கள்.

வரம்பை இப்படி வைக்கலாம்: ஒரு புராஜெக்ட் தன் தேதியில் 5 வேலைநாள், செலவில் 5 சதவீதம் வரை தானே சமாளிக்கலாம். ஆனால் பதிவேட்டில் உள்ள தேதி ஒரே ஒரு நாள் நகர்ந்தாலும் அன்றே புரோகிராம் மேனேஜருக்கு வரவேண்டும். நிலவர வண்ணத்திலும் சராசரி கூடாது. ஆறில் ஐந்து பச்சையாக இருந்து சரக்குப் பட்டியல் சிவப்பானால் புரோகிராம் சிவப்பு.

வெண்டர் ஒப்பந்தத்தில் தவணை முக்கியம். நிறுவியதும் 90 சதவீதம் வாங்கிவிட்ட வெண்டரைக் கூட்டுச் சோதனைக்கு அழைத்துப் பாருங்கள், தெரியும். முன்பணம் 20, சோதனை முடிந்ததும் 30, சோதனைக் கிளை 14 நாள் ஓடிய பின் 40, மீதி 10 எல்லாக் கிளையும் 90 நாள் ஓடிய பின் என்று பிரித்தால் அவரும் உங்களோடு நிற்பார். இன்னொரு வெண்டரோடு குறைந்தது 6 நாள் கூட்டுச் சோதனை, கேட்டபோது முழுத் தரவையும் திறந்த வடிவில் தருவது, இரண்டும் எழுத்தில் இருக்கட்டும்.

கிளை மாறும் இரவு

முதலில் பயிற்சி. கடை திறக்கும் முன் காலை 7.30 முதல் 9 மணிவரை, ஆறு பேர் கொண்ட குழு, ஆளுக்கு மூன்று அமர்வு. கடைசி அமர்வு மாறும் நாளுக்கு ஒரு வாரத்துக்குள் இருக்கவேண்டும். ஒரு மாதம் முன்பே முடித்தால் கை மறந்துவிடும்.

மாறலாமா வேண்டாமா என்று மூன்று நாள் முன்பே, எழுதிவைத்த அளவைப் பார்த்து முடிவெடுங்கள்: எல்லா கேஷியரும் 20 சோதனை பில் பிழையில்லாமல் போட்டாயிற்றா, இரண்டு நெட் இணைப்பிலும் மாற்றி மாற்றிச் சோதித்தாயிற்றா, சரக்குப் பட்டியலில் நிலுவை இல்லையா. ஒன்று தவறினாலும் அடுத்த மாத ஜன்னல்.

அன்று இரவு கடைசி பில் முடிந்ததும் பழைய சாஃப்ட்வேரில் நாள் மூடி, அறிக்கையைத் தாளில் எடுத்து, தரவின் நகலை இரண்டு இடத்தில் வையுங்கள். ஸ்டாக் எண்ணிக்கையில் அதிகம் விற்கும் சரக்கை அன்றிரவே முடிக்கவும். மற்றதை அடுத்த பத்து நாளில் அலமாரி அலமாரியாக. பிறகு 25 சோதனை பில்: எடைச் சரக்கு, வரிவிலக்குள்ள சரக்கு, 5 சதவீதம், 18 சதவீதம், பாதி ரொக்கம் பாதி யு.பி.ஐ., கடன் வாடிக்கையாளர், ரிட்டர்ன், ஜி.எஸ்.டி. எண்ணோடு சில்லறைக் கடைக்காரருக்கு மொத்த விற்பனை. 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்த மொத்த விற்பனைக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். போர்ட்டலில் தவறாகப் பதிந்ததை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யமுடியும். எனவே இ-இன்வாய்ஸ் சோதனையைச் சோதனைத் தளத்திலேயே முன்கூட்டி முடித்துவிடுங்கள், நிஜத் தளத்தில் சோதனை பில் போடாதீர்கள்.

பில்லில் தமிழ் அச்சாகிறதா என்றும் அன்றிரவுக்கு முன்பே பாருங்கள். பெரும்பாலான தெர்மல் பிரிண்டர்களில் தமிழ் எழுத்துரு உள்ளே இருக்காது. சாஃப்ட்வேர் அதைப் படமாக்கி அனுப்பும். 40 வரி பில்லில் அது கண்ணில் தெரியும் அளவுக்குத் தாமதமாகும். பலன் பதிவேட்டில் நீங்கள் எழுதிய பில் நேரம் இங்கேதான் போய்விடும்.

பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் பில் போடட்டும் என்று விடுவது பாதுகாப்பாகத் தோன்றும். ஸ்டாக் இரண்டு இடத்தில் குறையும், எது சரி என்று யாருக்கும் தெரியாது. அதைவிடப் பின்வாங்கும் நேரத்தைத் தீர்மானியுங்கள்: காலை 6 மணிக்குள் 25 பில்லும் சரியாக வராவிட்டால் பழைய சாஃப்ட்வேரில் கடை திறக்கும். இந்த முடிவு அங்கே நிற்கும் சேஞ்ச் மேனேஜருடையது. தூக்கத்திலிருந்து முதலாளியை எழுப்பிக் கேட்கும் முடிவாக இருக்கக் கூடாது. மாறிய பிறகு முதல் நான்கு நாள், கவுண்டருக்குப் பின்னால் வெண்டரின் ஆள் ஒருவர் நிற்கவேண்டும். சென்னையிலிருந்து ஃபோனில் பார்த்துக்கொள்ளலாம் என்பது முதல் கிளைக்கு ஒத்துவராது.

மூடுவது

கடைசிக் கிளை மாறியதோடு புரோகிராமை மூடாதீர்கள். 90-ஆம் நாளும் 180-ஆம் நாளும் அதே சனிக்கிழமை மாலை, அதே மூன்று கவுண்டர், அதே ஸ்டாப்வாட்ச். இலக்கு வராத பலனுக்குக் காரணம் தேடும் வேலை சேஞ்ச் மேனேஜர்களிடம் போகட்டும். புரோகிராம் மேனேஜர் அப்போது விடைபெறலாம். பழைய சாஃப்ட்வேரின் ஏ.எம்.சி.யை (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) ரத்து செய்யும் கடிதம், பழைய யூசர் கணக்குகளை மூடுவது, வெண்டர்களின் கடைசி 10 சதவீதம் ஆகியவற்றைத் தேதியோடு எழுதி முடியுங்கள்.

பழைய சர்வரை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. கணக்குகளை, அந்த ஆண்டின் ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். தரவின் நகல் மட்டும் போதாது. அதைத் திறக்கும் பழைய சாஃப்ட்வேரும் அதன் லைசென்ஸும் ஒரு கம்ப்யூட்டரில் ஓடும் நிலையில் இருக்கவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து, ஏதாவது ஒரு பழைய பில்லை அச்செடுத்துப் பார்க்கும் வேலையைக் கணக்குப் பிரிவில் ஒருவர் பெயரில் எழுதிவையுங்கள்.